தண்ணி போற பக்கம்

பக்கிரிக்கு மலை என்றாலே ஆகாது. "கல்லும் மரமும் கெடக்குற எடத்துல இன்னாத்தப் பாக்கறது?" என்பார். கடலென்றால் நாளுக்கு ஒரு நிறம், வேளைக்கு ஒரு குணம். மலையோ பிறந்த நாள் முதல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, மாமியார் வீட்டோடு தங்கிவிட்ட மாப்பிள்ளை மாதிரி. இதைச் சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். மகன் விஜயகுமாரும் கூடச் சிரிப்பான். சிரித்துவிட்டு அடுத்த சனிக்கிழமை முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு மலைக்குப் போய்விடுவான்.

கடலூர் தாழங்குடாவில் நாலு தலைமுறையாகக் கடலைத் தவிர வேறெதையும் பார்க்காத குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை. சிதம்பரத்தில் ஒரு பைக் ஷோரூமில் வேலை, அங்கேயே வாடகைக்கு ஒரு அறை. கூட வேலை பார்க்கும் ராபர்ட்டும் இன்னும் ரெண்டு மூணு பேரும் அவனுக்குச் செட்டு. ஏற்காடு, கொல்லிமலை, ஜவ்வாது என்று ஒன்று விடவில்லை. வரும்போது தேன் கொண்டுவருவான், சாமை அரிசி கொண்டுவருவான். ஒருமுறை இடுப்பு உயரத்துக்கு ஒரு பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினான். அம்மா வேலம்மாளை உட்கார வைத்து போனில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டுவான்.

"இது சூரியன் மொளைக்கிற நேரம்மா."

"ஏன், நம்ம வாசல்ல மொளைக்கிறவன் வேற சூரியனா?" என்று பக்கிரி உள்ளேயிருந்து கேட்பார்.

"அப்பா, ஒரே ஒரு தபா வந்து பாரு. அப்புறம் நீ வாயே தொறக்க மாட்ட."

போன வருஷம் ஆடி மாதம் கல்வராயன் மலையில், மேல்நாவலூர் என்கிற ஊரின் அம்மன் திருவிழாவுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. மூணுபடி அருவியின் அடியில் பாறை இடுக்கில் எடுத்தார்கள். கை போனைப் பிடித்தபடி இருந்தது. அது போதாதா எழுதுகிறவர்களுக்கு? 'செல்ஃபி எடுத்தபோது தவறி விழுந்து வாலிபர் பலி' என்று பேப்பரில் நாலு வரி வந்தது. டீக்கடையில் படித்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புத்தியே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். பக்கிரியும் அதைத்தான் நம்பினார்.

நம்பினதோடு விட்டாரா? செத்த மகன் மேல் அவருக்கு ஒரு வருஷமாகத் தீராத கோபம். அழ வேண்டிய நேரத்திலெல்லாம் திட்டினார். "கடல்ல போயி செத்திருந்தாக்கூட ஒரு கணக்கு. போட்டோ புடிக்கப் போயி செத்தான் பாரு, அறிவு கெட்டவன்" என்பார். வேலம்மாள் மகன் படத்தைப் பெரிதாகப் போட்டு மாலை மாட்ட நினைத்தபோது, "போட்டோவால செத்தவனுக்கு எதுக்குடி போட்டோ?" என்று கத்தினார். அன்றிலிருந்து அந்த வீட்டுச் சுவரில் விஜயகுமார் இல்லை. வேலம்மாள் வாயைத் திறக்கவில்லை. நெல்லிக்குப்பம் வரை மீன் கூடை கொண்டுபோய், விலைக்கு வாய் ஓயாமல் மல்லுக்கட்டுகிறவள் அவள். வீட்டில் மட்டும் ஊமை ஆனாள்.

ஏனென்றால் அவளுக்கு உண்மை தெரியும்.

கருமாதி அன்று ராபர்ட் அவளை, கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகின் மறைவுக்குக் கூப்பிட்டான். விஜயகுமார் கடைசியாக அனுப்பிய குரல் பதிவைக் காதில் வைத்துக் கேட்க வைத்தான். செல்ஃபியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பனிமூட்டத்தில் கூட்டத்தை விட்டுப் பிரிந்திருக்கிறான். வழி தெரியவில்லை. பக்கத்தில் ஓடைச் சத்தம் கேட்டிருக்கிறது. அப்பா சொன்ன மாதிரி தண்ணியைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறான். கையில் போன் இருந்தது சிக்னல் தேடத்தான்.

அப்பா சொன்னது என்ன என்று அந்த வீட்டில் பூனைக்குக்கூடத் தெரியும். பக்கிரி தன் பத்தொன்பது வயதில் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குள் நண்டு பிடிக்கத் தனியாகத் தோணியில் போய் மாட்டிக்கொண்டார். எந்த வாய்க்காலைப் பார்த்தாலும் ஒரே மாதிரி. மத்தியானம் வரை சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வந்தார். அப்போதுதான் கடல் வற்ற ஆரம்பித்து, வாய்க்கால் தண்ணீர் மெல்ல ஒரு பக்கமாக நகர்வதைப் பார்த்தார். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தோணியைத் தண்ணீர் போக்கில் விட்டார். பொழுது சாய்வதற்குள் அது அவரை முகத்துவாரத்தில் கொண்டுவந்து விட்டது. அங்கிருந்து கிள்ளைக் கரை கண்ணுக்குத் தெரிந்தது.

இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு அவர் நூறு தடவை சொல்லியிருப்பார். முடிக்கும்போது ஒரு பாடம் வேறு. "எங்க வழி தப்பினாலும் பயப்படக் கூடாது. தண்ணி போற பக்கம் போ, ஊரு வந்துரும். மாசி மகத்துக்குப் பாத்தியா? எந்தெந்த ஊரு சாமியோ பல்லக்குல ஏறி நம்ம கடலுக்குத்தான குளிக்க வருது? சாமியே வருது, தண்ணி வராதா?"

பொய்யில்லை. அவர் பிழைத்த கதைதான். ஆனால் கழிமுகத்துத் தண்ணீருக்குத்தான் அந்த நல்ல குணம். மலைத் தண்ணீர் பாறை விளிம்பில் நின்று யோசிக்காது, குதித்துவிடும்.

"இத அவர்கிட்ட சொல்லாத ராபர்ட்டு" என்றாள் வேலம்மாள். "உங்க மாதா மேல சத்தியம் பண்ணு." கடலுக்குப் போகிறவன் சாக வழி தேட வேண்டியதில்லை, திரும்பி வராமல் இருந்தால் போதும். அவள் அதற்குத்தான் பயந்தாள். மகன் போய்விட்டான். இந்த மனுஷனும் ஒருநாள் இன்ஜினை நிறுத்திவிட்டு எங்கேயாவது தண்ணீர் போக்கில் போய்விட்டால்? திட்டிக்கொண்டாவது உயிரோடு இருக்கட்டும். ராபர்ட் சத்தியம் செய்தான். அன்று முதல் புருஷன் திட்டும்போதெல்லாம் தன் பிள்ளைக்காக ஒரு வார்த்தை பேசாமல் அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பாவம் எந்தக் கடலில் குளித்தால் போகும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

இந்த வருஷம் ஆனி கடைசியில் ராபர்ட் ஒரு சேதியோடு வந்தான். மேல்நாவலூர் ஊர்க்கவுண்டர் சொல்லி அனுப்பியிருந்தார். போன வருஷம் இரண்டாம் நாள் வீதியுலாவின் பாதியில் சாவுச் சேதி வந்ததும், தோளில் இருந்த தேரை அப்படியே இறக்கி வைத்துவிட்டார்களாம். அந்த ஊர் வழக்கம் அது. எல்லைக்குள் உயிர் போனவனின் வீட்டார் வந்து தேர்க்கட்டையில் மஞ்சத்தண்ணி ஊற்றிச் சம்மதம் சொன்னால்தான் மறுபடி தூக்கலாம். இல்லாவிட்டால் அம்மன் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

பக்கிரி வர முடியாது என்று சொல்லிவிடுவார் என்றுதான் வேலம்மாள் நினைத்தாள். அவரோ கொஞ்ச நேரம் வலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம ஊர்ல பொணம் கரை சேராம யாராச்சும் படகு எறக்குவமா?" என்றார். "அவுங்களுக்கும் அது மாதிரி தான. ஒரு ஊரு சாமி நம்மால நிக்கக் கூடாது. போலாம்."

வேலம்மாள் ராபர்ட்டின் முகத்தைப் பார்த்தாள். மலையில் எத்தனை வாய் இருக்கிறதோ, எந்த வாய் எதைச் சொல்லுமோ?

சிதம்பரத்தில் ராபர்ட் வேன் பிடித்து வைத்திருந்தான். பக்கிரி, வேலம்மாள், சிதம்பரத்திலேயே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் சினேகா, ராபர்ட், நாலு பேரும் கிளம்பினார்கள். கீரப்பாளையம் தாண்டி, சேத்தியாத்தோப்புப் பாலத்தில் ஏறும்போது கீழே வெள்ளாறு மணலாகக் கிடந்தது. நடுவில் ஒரு குட்டையில் எருமைகள் படுத்திருந்தன.

"ஆறா இது? மாட்டுத் தொட்டி" என்றார் பக்கிரி.

"மலையில மழ பேஞ்சா வருங்கப்பா. அங்கேருந்து வர்ற தண்ணிதான் இது" என்றான் ராபர்ட். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு வேலம்மாளைப் பார்த்தான். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மலையேறத் தொடங்கியதும் காது அடைத்தது. சினேகா எச்சில் விழுங்கச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு வளைவில் டிரைவர் இன்ஜின் ஆற வண்டியை நிறுத்தினார். வேலம்மாள் இறங்கி நாலு எட்டு நடந்து, சட்டென்று நின்றாள். கண்ணுக்கு எட்டிய மட்டும் மலைக்குப் பின் மலை, நீலத்துக்குப் பின் நீலம். பெரிய அலைகள் கரைக்கு வரும் வழியில் அப்படியே நின்றுபோனது மாதிரி இருந்தது. அவள் காலுக்குக் கீழே மேகம் போனது. ஈரமும் பச்சிலையும் கலந்த ஒரு வாசனை. ஐம்பத்திரண்டு வயதில் மீன் வாடையில்லாத காற்றை அவள் முதல்முறையாக மூச்சு நிறைய இழுத்தாள். நன்றாயிருந்தது. அவ்வளவு நன்றாயிருந்தது. உடனே, பிள்ளையைத் தின்ற இடத்தில் நின்றுகொண்டு என்னடி சொகம் வேண்டிக் கிடக்கிறது என்று தன்னையே ஏசிக்கொண்டாள். ஆனாலும் கண் அந்தப் பக்கமே போனது. இதைத்தானே அவன் போனில் தள்ளித் தள்ளிக் காட்டினான். சரியாகப் பார்க்காமல் உலைக்கு அரிசி போடப் போனோமே என்று இருந்தது.

எதிர் மலையில் ஒரு வெள்ளைக் கோடு தொங்கியது. மூன்று இடத்தில் முறிந்து முறிந்து இறங்கியது. யாரும் சொல்லாமலே அது எது என்று எல்லாருக்கும் புரிந்தது. பக்கிரி முதுகைக் காட்டித் திரும்பி நின்று பீடி பற்றவைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் காட்டைப் பார்த்து. "ஒத்துக்கறேன். அதுக்காவ போட்டோவுக்கு உசுர வுடணுமா?"

சினேகா அழுதாள். வேலம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மேல்நாவலூரில் ஊரே எதிரே வந்து நின்றது. ஒரு கிழவி வேலம்மாளின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். தேர் என்றால் சக்கரத் தேர் இல்லை. மரச்சட்டத்தில் அம்மனை வைத்து, நீளமான கட்டைகளை அடியில் கொடுத்துத் தோளில் சுமக்கிற தேர். ஒரு வருஷமாக நின்ற இடத்திலேயே மேலே கூரை போட்டு வைத்திருந்தார்கள். கட்டைக்கடியில் புல் முளைத்திருந்தது.

ஊர்க்கவுண்டர் கைகூப்பினார். "ஒங்க புள்ள எங்க எல்லையில போயிட்டான். நாங்க பாத்துக்காம உட்டுட்டோம். நீங்க மனசு வச்சாத்தான் ஆத்தா எழுந்திரிப்பா."

"உங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க. எங்க புள்ளைக்குத்தான் அறிவில்ல" என்றார் பக்கிரி.

ராபர்ட் தலையைக் குனிந்துகொண்டான். வேலம்மாளும் பக்கிரியும் சேர்ந்து செம்பைப் பிடித்துக் கட்டையில் மஞ்சத்தண்ணி ஊற்றினார்கள். மேளம் எழும்பியது. ஆனால் தேர் எழும்பவில்லை. கூரைக்குள் அடித்த சாரலிலும் தரையின் ஈரத்திலும் ஊறிய கட்டை கனத்துப்போய் இருந்தது. ரெண்டு தடவை தூக்கப் பார்த்து ரெண்டு தடவையும் ஒரு பக்கம் சாய்ந்தது.

பக்கிரிக்குப் பொறுக்கவில்லை. நாற்பது வருஷம் படகு தள்ளிய ஆள். "இப்புடித் தூக்கினா ஆவாதுய்யா. முன்ன நாலு ஆளு, பின்ன ஆறு ஆளு. மூச்ச ஒண்ணா வுடணும்" என்று சட்டையைக் கழற்றிச் சினேகாவிடம் வீசினார். முன்கட்டைக்குத் தோள் கொடுத்தார். "ஏலே... லோ!" என்று அவர் குரல் கொடுத்ததும் மலைக்காரர்கள் முதலில் முழித்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு அதே குரலைத் திருப்பிக் கொடுத்தார்கள். அம்மன் எழுந்துகொண்டாள். மேட்டிலும் பள்ளத்திலும் தேர் படகு மாதிரி ஆடி ஆடிப் போனது. பெண்கள் குலவையிட்டார்கள்.

மாலையில் ஆண்கள் வட்டமாக நின்று சேர்வையாட்டம் ஆடினார்கள். கையில் துண்டு, காலில் சலங்கை, மேளத்துக்கு ஒரு சுற்று, பாட்டுக்கு ஒரு சுற்று. பக்கிரியையும் இழுத்து விட்டார்கள். அவருக்குக் கால் ஒத்துவரவில்லை. எல்லாரும் வலப்பக்கம் போனால் அவர் இடப்பக்கம் போய் இன்னொருவன் மேல் மோதினார். மோதிவிட்டுச் சிரித்தார். ஒரு வருஷம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டபோது வேலம்மாள் கையில் இருந்த இலைச்சோற்றை அப்படியே வைத்துவிட்டாள். சாமைச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஆறிப்போயின.

"அம்மா, அப்பா சிரிக்கிறாரு" என்றாள் சினேகா.

"கண்ணு வைக்காதடி" என்றாள் வேலம்மாள். காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தாள். இந்த மனுஷனை எப்படியோ கரை சேர்த்துவிட்டோம், இனி பயமில்லை என்று நினைத்தாள்.

இரவு நல்ல மழை. விடிந்ததும் நின்றுவிட்டது. எங்கே திரும்பினாலும் தண்ணீர் ஓடும் சத்தம். திருவிழாவின் இரண்டாம் நாள் இளசுகள் எல்லாம் உச்சிக் கோயிலுக்கு ஏறிப் பொங்கல் வைத்து வருவார்கள். போன வருஷம் விஜயகுமார் போனதும் அந்த வழிதான். சினேகா தானும் போக வேண்டும் என்று நின்றாள். "அண்ணன் நடந்த வழிய நான் ஒரு தபா நடந்து பாக்கணும்ப்பா" என்றாள். உள்ளூர்ப் பெண்கள் நாலு பேர் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். வேலம்மாள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பக்கிரி சரி என்றுவிட்டார். முந்தின நாள் சந்தோஷம் அவருக்கு இன்னும் வடியவில்லை.

மகளின் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிவிட்டார். கையில் ஒரு குச்சியைக் கொடுத்தார். பிறகு, தகப்பன் என்றால் ஏதாவது சொல்ல வேண்டுமே, சொன்னார்.

"போன எடுத்து படம் புடிச்சிக்கிட்டு நிக்காத, ஒங்கண்ணன் மாதிரி. இவுங்கள வுட்டுப் பிரிஞ்சிட்டாலும் பயப்படாத. தண்ணி சத்தம் கேக்குது பாரு, அது போற பக்கம் எறங்கு, ஊரு வந்..."

"அதச் சொல்லாத மாமா!"

கத்தினது வேலம்மாள்தான். மேளக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். யோசித்திருந்தால் மகளைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லியிருக்கலாம். ராபர்ட்டைக் கூடவே அனுப்பியிருக்கலாம். பத்து வழி இருந்தது. ஆனால் பெற்ற வயிறு யோசிக்குமா? வாய் முந்திக்கொண்டது. அவள் ஓடிப்போய் சினேகாவின் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கி எறிந்தாள். "தண்ணி பக்கம் போவாதடி, தண்ணி பக்கம் மட்டும் போவாத" என்று மகளைக் கட்டிக்கொண்டாள்.

பக்கிரி அவளைப் பார்த்தார். பிறகு ராபர்ட்டைப் பார்த்தார். ராபர்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேகத்தையும் தண்ணீர் நிறத்தையும் பார்த்தே வரப்போவதைச் சொல்லிவிடும் ஆளுக்கு, ரெண்டு முகத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"இன்னாடா?" என்றார் ராபர்ட்டிடம். குரல் எழும்பவே இல்லை. "இன்னா நடந்துச்சி?"

ராபர்ட் வேலம்மாளைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். இனி மறைத்து என்ன? அவன் போனை எடுத்து, தேடி, அவர் கையில் கொடுத்தான். "இது எனக்கு வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சிப்பா" என்றான்.

விஜயகுமாரின் குரல் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனால் உற்சாகமாக.

"மச்சான், பனியில உங்கள வுட்டுட்டேன்டா. பயமெல்லாம் ஒண்ணும் இல்ல. பக்கத்துலயே ஓடை ஓடுது. எங்கப்பா பிச்சாவரத்துக் கத சொல்லுவாருல்ல, தண்ணி போற பக்கம் போனா ஊரு வந்துரும்னு? அதான், தண்ணியப் புடிச்சிக்கினே எறங்கி வந்துடறேன். கீழ டீ சொல்லி வையி. டேய், இந்த எடம் சூப்பரா இருக்குடா. அடுத்த வருசம் எங்கப்பாவ எப்புடியாச்சும் இழுத்தாரணும். இதப் பாத்தா அந்த ஆளு வாயே தொறக்க மாட்டாரு."

சிரிப்பு. தண்ணீர்ச் சத்தம். அவ்வளவுதான்.

பக்கிரி மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவையும் கேட்டார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"பயமே இல்லியே அவன் கொரல்ல" என்றார்.

"இல்லப்பா. சந்தோசமாத்தான் பேசுறான்" என்றான் ராபர்ட், அது ஆறுதல் என்று நினைத்து.

"பயந்திருக்கணும். பயந்திருந்தா நின்ன எடத்துலயே நின்னிருப்பான். நீங்க வந்து பாத்திருப்பீங்க." அவர் தலையில் மெல்ல அடித்துக்கொண்டார். "பயப்படாதன்னு சொன்னவன் நானு."

வேலம்மாள் பக்கத்தில் போனாள். அவர் ஏறிட்டுப் பார்த்தார்.

"ஒரு வருசமாத் தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"அவன நான் அறிவு கெட்டவன்னு சொல்லும்போதெல்லாம் நீ எனக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்த."

"நீ உசுரோட இருக்கணும்னு மாமா." அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். உள்ளூர்ப் பெண்களில் மூத்தவளிடம் போனார். "ஏம்மா, இங்க வழி தப்பினா இன்னா பண்ணுவீங்க?" என்று ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கேட்டார்.

"நின்ன எடத்துலயே நின்னு கொரல் குடுப்பமுங்க. இல்லன்னா மேட்டுக்கு ஏறுவோம், வழி தெரியும். தண்ணியோட எறங்க மாட்டோம். அது பாறையில குதிச்சிரும், நம்மளால முடியுங்களா?"

"கேட்டுக்கிட்டியா?" என்றார் மகளிடம். "நீ சொல்லு."

"நின்ன எடத்துலயே நிக்கணும்ப்பா. இல்லன்னா மேட்டுக்கு ஏறணும்."

"இன்னொரு தபா சொல்லு."

சினேகா அழுதுகொண்டே சொன்னாள். "நான் சொன்னத மறந்துடு. நான் எது சொல்லியிருந்தாலும் மறந்துடு" என்றார். போகாதே என்று மட்டும் அவர் சொல்லவில்லை. குச்சியைத் தேடி எடுத்து மறுபடி அவள் கையில் கொடுத்தார்.

சினேகாவும் அந்தப் பெண்களும் ஏறிப்போய் இறங்கி வரும் வரை, மறுபடி போய் உட்கார்ந்த அந்தக் கல்லைவிட்டு அவர் அசையவில்லை. முந்தின நாள் முதுகைக் காட்டிய அருவிக்கு இன்று நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். ராத்திரி மழையில் அந்த வெள்ளைக் கோடு தடித்திருந்தது. வெயில் பட்டபோது அதன் நடுப்படியில் வானவில் தெரிந்தது. பார்க்கிறவன் வாயடைத்துத்தான் போவான். அவர் வாயைத் திறக்கவே இல்லை. மகன் சொன்னது பலித்துவிட்டதே என்று வேலம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

மத்தியானம் சினேகாவின் குரல் மேட்டில் கேட்ட பிறகுதான் அவர் ஒன்று கேட்டார்.

"ராபர்ட்டு, அவன் போட்டோ நல்லதா ஒண்ணு இருந்தாக் குடு. சிதம்பரத்துல எறங்கிப் பிரேம் போடணும்."

"எல்லாம் மலையில எடுத்ததுதாம்ப்பா இருக்கு."

"மலையில எடுத்ததையே குடு."

வேன் மலையிறங்கி விருத்தாசலம் தாண்டியது. சேத்தியாத்தோப்புப் பாலத்துக்கு வந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. போகும்போது மணலாகக் கிடந்த வெள்ளாற்றில் செம்மண் நிறத்தில் புதுத்தண்ணி வந்திருந்தது. பாலத்தின் மேல் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூங்கில் கழிகளும் சருகும் நுரையும் சுழன்று சுழன்று போயின.

"வண்டிய நிறுத்துப்பா" என்றார் பக்கிரி.

இறங்கிப் போய்க் கைப்பிடிச் சுவரோரம் நின்றார். வேலம்மாள் பின்னாலேயே ஓடினாள். ராபர்ட்டும் வந்தான்.

"மலையில பேஞ்ச தண்ணிதான இது?"

"ஆமாப்பா. நாளைக்குப் பரங்கிப்பேட்டையில கடல்ல சேந்துடும்."

பக்கிரி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீரைப் பார்த்தபடியே பேசினார்.

"நான் பொய் சொல்லல வேலம்மா. பாரு, தண்ணி ஊருக்கு வந்துடுச்சி." அவர் உதடு கோணியது. ஒரு வருஷமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. "தண்ணி மட்டும் வந்துடுச்சி."

வேலம்மாள் அவர் சட்டையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. டிரைவர் கூப்பிட்டார். அவள் பிடியை விடவில்லை.